ஒன்பது அடிப் பாட்டும் பதினைந்து ‘இய’ங்களும்

முதலில் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். கேட்டவர் தருமபுரியில் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. “இலக்கியக் கோட்பாடுகள் தாளுக்காக மார்க்சியம், அமைப்பியல், பெண்ணியம், உளவியல், பின்நவீனத்துவம் என்று பதினைந்து தலைப்புகளை மனப்பாடம் செய்துவிட்டேன். வரையறை கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் ஒரு பாட்டைக் கையில் கொடுத்து ‘ஆராய்க’ என்றால் பேனா நகர மாட்டேன் என்கிறது. ஆய்வேட்டுக்கு ஔவையாரின் புறப்பாடல்களை எடுக்கலாம் என்றிருக்கிறேன். எந்த அணுகுமுறையைப் பொருத்துவது? இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்குதானே, நமக்கு எதற்கு என்று வீட்டில் அண்ணன் வேறு கேட்கிறார்.”

அண்ணனுக்கு அப்புறம் பதில் சொல்கிறேன். முதலில் ‘பொருத்துவது’ என்ற சொல்லைப் பார்ப்போம். உங்கள் சிக்கல் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பம்புசெட்டுக்கு மோட்டார் பொருத்துவதுபோலப் பாட்டுக்குக் கோட்பாட்டைப் பொருத்தலாம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் பழகினேன். எம்.ஃபில். செய்தபோது என் ஆய்வேட்டின் முதல் இரண்டு இயல்களும் முழுக்க அமைப்பியல் விளக்கம். சசூர் சொன்னது, லெவிஸ்ட்ராஸ் சொன்னது, அதை இன்னொருவர் மறுத்தது. மூன்றாம் இயலின் நடுவில்தான் முதல் பாட்டே வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த பெரியவர் தாள்களைப் புரட்டிவிட்டு, “பந்தலெல்லாம் நன்றாகப் போட்டிருக்கிறீர்கள் தம்பி, மாப்பிள்ளை எங்கே?” என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பட்டம் கொடுத்துவிட்டார்கள், ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் இருபது ஆண்டுக்கு மேல் தமிழ் கற்பித்த பிறகும், ஒவ்வொரு ஆய்வேட்டையும் அதை வைத்துத்தான் அளந்து பார்க்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளையை முதலில் அழைத்து வருவோம். நீங்கள் எடுக்கப்போகும் ஔவையார் பாட்டுகளில் ஒன்றான புறநானூறு 95 இது. ஒன்பதே அடி:

இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டிக்,
கண்திரள் நோன்காழ் திருத்தி, நெய் அணிந்து,
கடியுடை வியன்நக ரவ்வே, அவ்வே,
பகைவர்க் குத்திக், கோடுநுதி சிதைந்து,
கொல்துறைக் குற்றில மாதோ, என்றும்
உண்டாயின் பதம் கொடுத்து,
இல்லாயின் உடன் உண்ணும்,
இல்லோர் ஒக்கல் தலைவன்,
அண்ணல்எம் கோமான், வைந்நுதி வேலே.

அதாவது: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு செம்மையாக்கப்பட்டு, நெய் பூசிக் காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. அவையோ பகைவரைக் குத்திப் பக்கமும் முனையும் உடைந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. எவை? இருந்தால் சோறு கொடுத்து, இல்லாவிட்டால் இருப்பதைக் கூடவே உட்கார்ந்து உண்ணும் எங்கள் கோமானின் கூர்முனை வேல்கள்.

கோட்பாட்டுப் பெயர் எதுவும் நினைக்காமல் நாலு தடவை வாய்விட்டுப் படியுங்கள். என்ன தட்டுப்படுகிறது என்று பாருங்கள். முதலில் ‘இவ்வே’, ‘அவ்வே’. எதிரெதிரே இரண்டு தட்டு. அடுத்து, ‘வியன்நகர்’ என்பதற்கு எதிரே ‘குற்றில்’. பெரிய மாளிகையில் வேலை செய்யாத ஆயுதம், சின்னக் குடிசையில் வேலை செய்து உடைந்த ஆயுதம். ‘கொல்துறை’ என்பதில் கொல் என்றால் கொல்லன் தொழில். ஆனால் முந்தின அடியில் ‘குத்தி’ என்று படித்துவிட்டு வரும் காதுக்குக் கொல்லுதலும் கேட்காமல் போகாது. அப்புறம் வாக்கியத்தின் போக்கு. ‘அவ்வே’ என்று தொடங்கிவிட்டு, எவை என்பதைக் கடைசிச் சொல்வரை சொல்லாமல் இழுக்கிறார். இழுத்த அந்த இடைவெளியில் எதை வைக்கிறார்? சோற்றை. ஆயுதக் கொட்டிலில் நின்றுகொண்டு, ‘உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்’ என்று சாப்பாட்டுப் பேச்சை எடுக்கிறார்.

இப்போது நீங்கள் செய்ததற்கு ஒரு பெயர் உண்டு. ஆங்கிலக் கல்வியில் அதை நுண்வாசிப்பு என்பார்கள். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுப் பாட்டுகளை மாணவர் கையில் கொடுத்து, அவர்கள் எப்படியெல்லாம் தடுமாறுகிறார்கள் என்று 1929இல் ஒரு புத்தகமே எழுதினார். பின்னால் அமெரிக்கப் புதுத் திறனாய்வாளர்கள் அதை இறுக்கினார்கள். கவிஞர் என்ன நினைத்தார் என்பது அளவுகோலாகாது என்று விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் எழுதினார்கள். சரி. ஆனால் தொல்காப்பியச் செய்யுளியலில் ‘நோக்கு’ என்று ஓர் உறுப்பு இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள்: “மாத்திரை முதலா அடிநிலை காறும் நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே.” ஒலியளவு தொடங்கி அடி முடியும்வரை, படிப்பவரைத் திரும்பத் திரும்பப் பார்க்கவைக்கும் காரணம் எதுவோ அது நோக்கு. உரைகாரர் பேராசிரியர் இதற்கு அகநானூற்றின் ‘முல்லை வைந்நுனை தோன்ற’ பாட்டை எடுத்து, ஒவ்வொரு சொல்லும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டுகிறார். (அங்கே முல்லை அரும்பின் ‘வைந்நுனை’, இங்கே வேலின் ‘வைந்நுதி’. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.) ரிச்சர்ட்ஸுக்கும் பேராசிரியருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ரிச்சர்ட்ஸ் வாசகரின் பிழையிலிருந்து தொடங்குகிறார். பேராசிரியர் பாட்டின் செய்நேர்த்தியிலிருந்து தொடங்குகிறார், அதில் பிழை இருக்கலாம் என்ற ஐயமே அவருக்கு வருவதில்லை. இந்த வேறுபாட்டை ஒரு பக்கம் எழுதினாலே உங்கள் ஆய்வேட்டில் புதிதாக ஒன்று சேர்ந்துவிடும்.

அமைப்பியலும் இங்கிருந்து ஓர் எட்டுதான். இவ்வே/அவ்வே, நகர்/இல், அணி/சிதைவு, காட்சி/செயல் என்று இருமைகளை அடுக்கி, பாட்டு முழுவதும் இந்தச் சட்டத்தில் நிற்கிறது என்று காட்டுவது அதன் வேலை. தமிழில் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வந்தபோது இந்த வகைப் பேச்சு சிற்றிதழ்களில் சூடு பிடித்தது. இதன் பயன் என்ன என்று கேட்டால், அடுத்த கேள்விக்கு வழி விடுகிறது, அவ்வளவுதான். சட்டத்தில் விரிசல் எங்கே? பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெரிதாவின் வழி வந்தவர்கள் கேட்பது இதைத்தான். கட்டுடைப்பு என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மறுபடி படியுங்கள். நாலாம் அடியில் அவன் வேலுக்கு ‘நுதி சிதைந்து’ விட்டது. ஒன்பதாம் அடியில் அதே வேல் ‘வைந்நுதி வேல்’. முனை உடைந்ததா, கூராக இருக்கிறதா? கொல்லன் தீட்டியபின் கூராகும் என்று சமாதானம் சொல்லலாம். ‘வைந்நுதி’ வேலுக்கு வாய்ப்பாடாக வரும் அடைதானே என்றும் சொல்லலாம். இரண்டும் நியாயம். ஆனால் உடைந்த ஆயுதத்தை உயர்த்திக்கொண்டே வந்த பாட்டு, முடிக்கும்போது உடைந்தது என்று முடிக்க முடியாமல் கூர்மைக்குத் திரும்புகிறது. அந்த ஓரிடத்தில் பாட்டுக்கே ஒரு பதற்றம் இருக்கிறதோ என்று எனக்குப் படும். அமைப்பியல் அட்டவணை போட்டிருக்காவிட்டால் இந்த இடம் என் கண்ணில் பட்டிருக்காது.

இதுவரை யார் பாடினார், எப்போது பாடினார் என்று நாம் கேட்கவே இல்லை. இனி கேட்போம். பாட்டின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது: தகடூர்த் தலைவன் அதியமான் தூது விட, அவனுடைய பகைவனான தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அவர் பாடியது. இந்த ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. குறிப்பு இல்லாமல் படித்தால் இது இரண்டு வகை வேல்களைப் பற்றிய பாட்டு. குறிப்போடு படித்தால் எதிரியின் வீட்டுக்குள் நின்று, அவன் முகத்துக்கு நேரே, புகழ்வதுபோலக் குத்தும் பேச்சு. ஆனால் அந்தக் குறிப்பு பாட்டுக்குள் இல்லை. தொண்டைமான் பெயரும் இல்லை, அதியமான் பெயரும் இல்லை. கொளு என்று சொல்லும் இந்த அடிக்குறிப்புகள் தொகுத்தவர் கைவேலை. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது அவையும் சேர்ந்து வந்தன, அதனால் நமக்குப் பாட்டும் குறிப்பும் ஒரே மூச்சில் மனத்தில் பதிந்துவிட்டன. ஆசிரியர் இறந்துவிட்டார் என்று பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரொலான் பார்த் 1967இல் எழுதினார். நம்மிடம் கதை வேறு மாதிரி. நம்முடைய ஆசிரியருக்குப் பிறப்புச் சான்றிதழே தொகுத்தவர் கொடுத்ததுதான்.

அதற்காகக் குறிப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு தடவை மறைத்துப் படியுங்கள், ஒரு தடவை திறந்து படியுங்கள். இரண்டு வாசிப்புக்கும் இடையே என்ன மாறியது என்று எழுதுங்கள்.

இதே இடத்தில் ஒரு படத்தையும் மனத்தில் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்கத் திறனாய்வாளர் எம்.எச். ஏப்ரம்ஸ் 1953இல் போட்டது. நடுவில் படைப்பு, சுற்றிலும் உலகம், படைத்தவர், படிப்பவர். உங்கள் பதினைந்து தலைப்பில் ஏறக்குறைய ஒவ்வொன்றும் இந்த நாலில் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பேசுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் மனப்பாடச் சுமை பாதி குறையும். உளவியல் அணுகுமுறை படைத்தவரின் மனத்தைப் பிடித்துக்கொண்டது. புறப்பாட்டில் அதற்கு வேலை குறைவு, விட்டுவிடலாம்.

உலகம் என்ற பக்கத்துக்கு வருவோம். உங்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. அதியமான் ஆண்ட தகடூர்தான் உங்கள் தருமபுரி. சேலம் போகும் வழியில் அதியமான்கோட்டையைத் தாண்டித்தான் பஸ் போகிறது. திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் கிடைத்த கல்வெட்டில் ‘சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று பெயரே இருக்கிறது. அதியமான் கோவலூரை வென்றதை, “இன்றும் பரணன் பாடினன்” என்று ஔவையே புறம் 99இல் சொல்கிறார். அதே பாட்டில் அவன் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்ததாகவும் வருகிறது. பாலக்கோட்டுப் பக்கம் கரும்பு லாரிக்குப் பின்னால் பைக்கில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் நினைவுக்கு வரும். பிறகு பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்ததைப் பதிற்றுப்பத்து பேசுகிறது. ‘தகடூர் யாத்திரை’ என்று தனி நூலே இருந்திருக்கிறது, சில பாடல்கள்தான் மிஞ்சின.

இந்தச் சான்றுகளை அடுக்கிவிட்டு ‘வரலாற்று அணுகுமுறை’ என்று தலைப்புப் போட்டுவிடுவது எளிது. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஜம்பைக் கல்வெட்டு அதியமான் இருந்தான் என்று சொல்கிறதே தவிர, ‘இல்லாயின் உடன் உண்ணும்’ என்பதை விளக்குவதில்லை. அதற்கு வேறு கேள்வி வேண்டும். ஈழத்துத் திறனாய்வாளர் கைலாசபதி 1968இல் வீரயுகக் கவிதை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில், புறப்பாட்டுகளைக் கிரேக்க வீரப் பாடல்களோடு வைத்து, அவற்றைப் பாடிய பாணர் மரபையும் அதைத் தாங்கிய சமூகத்தையும் பார்த்தார். அந்த வழியில் கேட்டுப் பாருங்கள். ‘இல்லோர் ஒக்கல் தலைவன்’, இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன். சேர்த்து வைக்கும் அரசனுக்கும் பகிர்ந்து தீர்க்கும் தலைவனுக்கும் நடுவில் பாட்டு நிற்கிறது. நெய் பூசிய ஆயுதங்களைச் சேர்த்து வைத்த வியன்நகர் ஒரு பக்கம். தீர்ந்துபோனால் கூடவே பசிக்கும் தலைவன் மறுபக்கம். வேலுக்கும் சோற்றுக்கும் என்ன தொடர்பு என்று மேலே கேட்டோமே, அதற்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது: இரண்டுமே செலவழிக்கத்தான், வைத்துக் காக்க அல்ல. பாடுகிறவருக்கும் இதில் வயிற்றுப் பிழைப்பு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று. இந்தப் பாட்டில் கொல்லனின் குடிசை இருக்கிறது, கொல்லன் இல்லை. உடைந்த முனையை அடித்துக் கூராக்கும் கை எங்கே? புறம் 312இல் “வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே” என்று வருகிறது. அங்கேயும் அவனுக்குக் கடமை இருக்கிறதே தவிரக் குரல் இல்லை. யார் பேசவில்லை என்ற கேள்வியை ராஜ் கௌதமன் போன்றவர்கள் தலித் நோக்கில் சங்கப் பாட்டிடமும் கேட்கத் தொடங்கினார்கள். அதை வலிந்து கேட்பதாகச் சிலர் குறைப்பட்டார்கள். ‘குற்றில்’ என்ற சொல் பாட்டில் இருக்கும்வரை அந்தக் கேள்விக்கும் இடம் இருக்கிறது என்பது என் கட்சி.

இப்போது நான் பல ஆண்டாகச் சுமந்துகொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். ஒரு தடவை மாணவர்களைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே நடுகற்கள் வரிசையாக இருக்கின்றன. தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய் இறந்த வீரர்கள், கையில் வில், கத்தி. ஒரு பையன் கேட்டான்: “ஐயா, இதுக்குப் பூசை எப்படிப் பண்ணுவாங்க?” நான் பதிலுக்குப் புறம் 232ஐச் சொன்னேன். அதியமான் இறந்தபின் ஔவை பாடியது. “நடுகற் பீலி சூட்டி, நார்அரி சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ”: நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா? சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பீலி சூட்டி. 95ஆம் பாட்டின் முதல் அடியில் இருப்பதும் ‘பீலி அணிந்து, மாலை சூட்டி’. தொண்டைமானின் ஆயுதங்களுக்குச் செய்த அலங்காரம் இறந்தவனின் கல்லுக்குச் செய்யும் அலங்காரமாக இருக்கிறது. அப்படியானால் அந்தக் கொட்டிலில் ஔவை பார்த்தது ஆயுதங்களை அல்ல, நட்டுவைத்த கற்களை. ‘இவ்வே’ என்பதற்கு அன்றைக்கு வேறு தொனி கேட்டது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று கதை விட மாட்டேன். தூங்கினேன். மறுநாள் எழுந்து, என் கண்டுபிடிப்பை நானே உடைத்துப் பார்த்தேன். உங்கள் தாளில் இல்லாத பாடம் இது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். பீலி இறந்தவர்களுக்கு மட்டும்தானா? புறம் 264 நடுகல்லுக்கு ‘அணிமயிற் பீலி’ சூட்டுகிறது, அகநானூற்றிலும் பீலி சூட்டிய நடுகல் உண்டு. இதுவரை எனக்குச் சாதகம். ஆனால் புறம் 274இல் உயிரோடு போர் செய்கிற மறவன் ‘பீலிக் கண்ணி’ அணிந்திருக்கிறான். புறம் 50இல் முரசுக்கும் பீலி சூட்டியிருக்கிறது. ஆக, பீலி வந்தாலே சாவு என்று சொல்ல முடியாது. போர் சார்ந்த மங்கலப் பொருள் எதற்கும் அது பொதுவாக இருந்திருக்கலாம். என் வாசிப்பு பாதி சரிந்துவிட்டது.

மீதிப் பாதியை ஒரு விஷயம் தாங்குகிறது. 95ஆம் பாட்டுக்குத் துறை ‘வாண்மங்கலம்’, ஆயுதத்தை வாழ்த்துவது. அந்தத் துறைக்கு ஏற்ற சடங்கு அலங்காரமெல்லாம் எதிரியின் ஆயுதத்துக்குக் கிடைக்கிறது. வாழ்த்து மட்டும் அலங்காரமே இல்லாத உடைந்த வேலுக்குப் போகிறது. சடங்கும் வாழ்த்தும் பிரிந்து நிற்கின்றன. இது பீலியின் பொருளைச் சார்ந்து நிற்கவில்லை. இலக்கிய வகையின் மரபைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கேட்கும் கிண்டல் இது. நடுகல் தொடர்பை இப்போது நான் ‘நிரூபணம்’ என்று சொல்வதில்லை. இந்த மண்ணில் நின்று படிக்கிறவனுக்குக் கேட்கும் எதிரொலி என்று சொல்கிறேன். ஔவை அப்படி நினைத்தாரா? தெரிந்துகொள்ள வழியில்லை, விம்சாட்டைக் கேட்டால் அது தேவையும் இல்லை. அப்படியானால் அந்த எதிரொலி யாருடையது? பாடியவருடையதா, இரண்டு பாட்டையும் ஒரே பெயரில் தொகுத்தவருடையதா, அகழ்வைப்பகத்தில் நின்ற என்னுடையதா? கோட்பாட்டுப் புத்தகங்கள் நூற்றுக்கணக்கான பக்கம் சண்டை போடுவது இந்தக் கேள்விக்குத்தான். கையில் ஒரு பீலி இருந்தால் அந்தச் சண்டை உங்களுக்குப் புரியும்.

படிப்பவர் பக்கம் என்று சொன்னதும் நம் ஊர்க் கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும், கடைசி நாள் துரியோதனன் படுகளம். மண்ணால் பெரிய உருவம் செய்து கிடத்தியிருப்பார்கள். கதைப்படி அவன் வில்லன். ஆனால் விழுந்தபின் அந்த உருவத்தின் மண்ணைக் கையளவு எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு, நல்லது என்று. எந்த நூலிலும் அப்படிச் செய்யச் சொல்லி எழுதவில்லை. நூல் விட்டுவைக்கும் இடைவெளிகளை வாசகர் நிரப்புகிறார் என்று ஜெர்மன் திறனாய்வாளர் வோல்ஃப்காங் ஈசர் சொன்னார். நம் ஊரில் மண்ணாலேயே நிரப்புகிறார்கள்.

பெண்ணியத்துக்கு நீங்கள் எப்படியும் ஓர் இயல் ஒதுக்குவீர்கள். ‘ஔவையாரின் பெண் குரல்’ என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள் அம்மா, அந்தத் தலைப்பில் அரசுப் பேருந்தில் சீட் கிடைக்காத அளவுக்குக் கூட்டம். கேள்வியை வேறு பக்கமிருந்து போடுங்கள். நம் மனத்தில் இருக்கும் ஔவை ஏன் கிழவி? கோலூன்றிய, நீறு பூசிய, அறிவுரை சொல்லும் பாட்டி. 1953இல் வந்த திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்தபின் அந்த உருவம் அசைக்க முடியாதபடி உட்கார்ந்துவிட்டது. ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டு பிந்திய வேறொரு ஔவை என்று பாடமாகவே படிக்கிறோம். படித்த பிறகும் புறநானூற்று ஔவைக்கு அந்த முகத்தையே மாட்டுகிறோம். சங்க ஔவை என்ன பாடினார்? புறம் 235ஐப் பாருங்கள். “சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே”: கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, அவனும் மகிழ்ந்து உண்பான். நரந்தம் மணக்கும் தன் கையால், புலவு நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். குறுந்தொகை 28இல் “முட்டுவேன் கொல் தாக்குவேன் கொல்” என்று தூங்குகிற ஊரையே முட்டப் போகிறாள் ஒருத்தி, அதுவும் ஔவை பாட்டு. நாம் மேடையில் எடுத்துச் சொல்வது நெல்லிக்கனியை. கள்ளைச் சொல்வதில்லை. ஒரு பெண் கவிஞர் கள் குடித்தார், அரசனோடு சமமாக உட்கார்ந்தார், தூது போய் எதிரியின் கொட்டிலில் நின்று கிண்டல் செய்தார் என்பதைத் தாங்குவதற்கு நமக்கு அவரைப் பாட்டியாக்க வேண்டியிருந்ததா? இது பாட்டைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை, படித்துவந்த நம்மைப் பற்றிய கேள்வியும்தான். பெண்ணியத் திறனாய்வின் நல்ல பகுதி எப்போதும் இப்படி இரண்டு பக்கமும் வெட்டும்.

இதே 235இல் ‘மன்’ என்ற இடைச்சொல் அடிக்கடி வருவதையும் கவனியுங்கள். மன்னுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று மூன்று பொருள் சொல்வது சொல்லதிகாரம். கழிவுக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இந்த வரிதான்: கொடுப்பான், இனி அது போயிற்று. ஒரு குட்டி இடைச்சொல்லில் மொத்த இழவும் உட்கார்ந்திருக்கிறது. இலக்கணத்தை மதிப்பெண்ணுக்கு மட்டும் படித்தவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

சரி, அண்ணன். மேல்நாட்டுச் சரக்கு என்பதில் உண்மை இருக்கிறது. தாளில் உள்ள பெயர்களில் பெரும்பாலானவை பாரிஸிலும் மாஸ்கோவிலும் அமெரிக்காவிலும் வேறு நூல்களைப் படித்துப் பிறந்தவை. ஆனால் அதற்குப் பதிலாக, ‘எல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள். அதுவும் சோம்பேறித்தனம்தான். நோக்கு, உள்ளுறை, இறைச்சி, மெய்ப்பாடு எல்லாம் கூர்மையான கருவிகள், ஆனால் கொல்லனுக்கு ஏன் குரல் இல்லை என்று தொல்காப்பியம் கேட்காது. அது கேட்க வந்த கேள்வி வேறு. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். முதல், கரு, உரி என்ற முறைக்கு நிகராக, நிலத்தையும் பொழுதையும் மனநிலையையும் ஒரே முடிச்சில் கட்டுகிற ஒன்றை நான் படித்த மேல்நாட்டு நூல் எதிலும் பார்க்கவில்லை. சூழலியல் திறனாய்வு இப்போதுதான் அந்தப் பக்கம் வருகிறது. திணையைச் சங்கப் பாட்டுக்குள் பூட்டிவைக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தருமபுரி பஸ் நிலையத்தில் பெங்களூரு வண்டிக்கு நிற்கும் கூட்டத்தைப் பற்றி ஒருவர் கதை எழுதினால், அதன் உரிப்பொருள் பிரிவு. நிலம் எது? பாலைக்கு என்று தனியே நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை. மழை பொய்த்த மானாவாரிக் கேழ்வரகுக் காடுகளிலிருந்து கட்டட வேலைக்குப் போகிறவர்களை வைத்து அதை எழுதினால், திரிதல் என்ற சொல்லுக்குப் புதுப் பொருள் கிடைக்கும். அண்ணனும் அந்த வண்டியில் போகிறவராக இருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள், கோட்பாடு எதற்கு என்று மறுபடி கேட்க மாட்டார். கேட்டாலும் நல்லதே.

தமிழில் இந்தச் சண்டை புதிதும் இல்லை. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது திறனாய்வு என்பதே தனி வேலை என்று நிறுவ வேண்டியிருந்தது. க.நா.சு. தேர்ந்த ரசனையை வைத்துப் பட்டியல் போட்டார். கைலாசபதி சமூகத்தை வைத்து அவரை மறுத்தார். இருவரையும் படித்துவிட்டு ஒருவர் பக்கம் சாய்வதில் தப்பில்லை. படிக்காமலே சாய்வதுதான் இப்போது வழக்கம்.

ஆய்வேட்டுக்கு என் யோசனை: ஔவை பாட்டு முழுவதையும் இழுக்காதீர்கள். 95, 232, 235 மூன்றும் போதும். முதல் இயலில் மூன்று பாட்டையும் முழுதாகக் கொடுத்துச் சொல் சொல்லாகப் படியுங்கள், நோக்கு மட்டும் கருவி. இரண்டாவதில் கொளுவை மூடியும் திறந்தும் படியுங்கள். மூன்றாவதில் கள், சோறு, வேல் ஆகியவற்றின் பகிர்வு. நாலாவதில் பாட்டி உருவம். கோட்பாட்டாளர் பெயர்கள் தேவைப்படும் இடத்தில் ஒரு வாக்கியமாக வரட்டும். அவர்களுக்குத் தனிப் பந்தல் வேண்டாம். அகழ்வைப்பகத்துக்கு நோட்டுப்புத்தகத்தோடு போய், நடுகல்லில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் விவரமானவராக இருந்தால் 274ஐக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார். அதற்கு முன்னால் சங்கப் பாட்டில் பீலி வருகிற இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது, ஆனால் தர மாட்டேன். நீங்களே தேடினால், நான் விட்டது ஏதாவது உங்களுக்குக் கிடைக்கும். கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.